உமிழ்நீர் கேட்டு மலையடிவாரம் சென்றது

பெண் கேட்டுக் கடல் கடந்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். பொன் தேடிக் கடந்தவர்களும் பலர். எச்சில் கேட்டுக் கடல் கடந்தவர்கள், நான் அறிந்தவரையில், என் மருமகனும் நானும் மட்டுமே.

மருமகன் என்றது என் தங்கை மகன் சிவகுமரனை. குளிர் மிகுந்த ஒரு நாட்டில், மரபணு ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் பணிபுரிகிறான். இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் மேற்கே மலையடிவாரத்தில் வாழும் பளியர் என்னும் பழங்குடிக் குடும்பத்தாரின் உமிழ்நீரைச் சிறு குழாய்களில் பெற்று, அவர்தம் முன்னோர் எவ்வழியே இம்மலைக்கு வந்தனர் என்று ஆராய்வது அவன் நோக்கம். வேண்டிய அனுமதிகள் அனைத்தும் அவனிடம் இருந்தன. தமிழ் மட்டும் இல்லை. வீட்டில் ஆங்கிலமே கேட்டு வளர்ந்த பிள்ளை. ஆகையால் இக்கட்டுரையில் அவன் பேசுவதெல்லாம் என் மொழிபெயர்ப்பு என்று கொள்க.

நானோ கடலுக்கு அப்பால் தைப்பிங் நகரில் பேருந்துப் பயணச்சீட்டுப் பரிசோதகனாய் இருந்து ஓய்வு பெற்றவன். ஆறாம் வகுப்போடு பள்ளி என்னைக் கைவிட்டது. நான் தமிழைக் கைவிடவில்லை. ஆராய்ச்சிக்கு உட்படுவோர் எல்லாம் அறிந்துகொண்டு இசைவு தர வேண்டும் என்பது அவர்கள் துறையின் விதி. அவ்விசைவைக் கோரும் உரையை அவன் ஆங்கிலத்தில் அனுப்பினான். பல நாள் உழைத்து, ஒரு வடசொல்லும் கலவாது, தூய தமிழில் பெயர்த்தேன். எழுதி முடித்தபின் கண்ணாடி முன் நின்று இருமுறை வாசித்தும் பார்த்தேன். குறை ஒன்றும் புலப்படவில்லை.

முதல் நாள் இராசபாளையம். எங்கள் தைப்பிங்கில் மழை பெய்யாத நாளில் மக்கள் ஒருவரையொருவர் நலம் விசாரிப்பர். இங்கே மேகம் ஒன்று தென்பட்டால் விசாரிப்பர் போலும். உணவகத்தில் எண்ணெயில் பொரித்த பரோட்டாவை உதிர்த்துப் போட்டுச் சால்னாவில் மூழ்கடித்துத் தந்தனர். ஊரில் நாங்கள் உண்ணும் ரொட்டி சானாய் இதன் தம்பி. ஆனால் பட்டணம் போய் மென்மையாகிவிட்ட தம்பி. இரண்டு போதும் என்றேன். பரிமாறியவர் கை அந்தரத்தில் நின்றது.

“ரெண்டா? ஏன்யா, ஒடம்புக்குச் சொகமில்லையா?”

எங்களுக்கு வாய்த்த வண்டியோட்டியின் பெயர் காதர். இராசபாளையத்துக்காரர். அவர் தந்தைக்குப் பஞ்சுப்பேட்டையில் கடை. இவருக்கு வண்டியும் வாயும். உணவகத்து வாயிலில் உயர்சாதி இராசபாளையம் நாய் ஒன்று, தூய வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்குமாய், பெரிய மனிதர் ஒருவரின் காலடியில் அமர்ந்திருந்தது. மரபணு அறிஞனுக்குக் கை சும்மா இருக்குமா? சிவகுமரன் குனிந்து அதன் முதுகில் உதிர்ந்து கிடந்த மயிரொன்றை எடுக்கப் போனான். உடையவர் தம் நண்பரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். காதர் எனக்கு மெல்லப் பெயர்த்தார்: “நாயைப் பாக்கற பார்வையே சரியில்லைங்காரு.”

பின்பு நாய்க்கு உடையவரே தமிழுக்கு வந்தார். “தம்பி, கைய எடுங்க. இவன் அப்பன், தாத்தன் எல்லாம் எங்க வீட்டுலதான் பொறந்தாங்க. எங்களைக் கேக்காம இவன் முடி ஒண்ணு வெளிய போகாது.”

நாயின் விருப்பத்தைக் கேட்க வேண்டாமா என்று சிவகுமரன் விளையாட்டாகக் கேட்டான். பெயர்த்துச் சொன்னேன்.

“அதுக்குத்தான நான் உக்காந்திருக்கேன்?” என்றார் அவர். நாய் கொட்டாவி விட்டு அதை ஆமோதித்தது.

இரண்டாம் நாள் மலையடிவாரம் சென்றோம். மாந்தோப்புகள் முடியுமிடத்தில் தேநீர்க்கடை ஒன்று. அங்கே அமர்ந்திருந்த காவலாளி ஒருவர் எங்கள் பெட்டிகளை நோட்டமிட்டார்.

“எதப் பாக்க வந்திருக்கிய? அணிலையா?”

அம்மலையில் பூனையளவு பெரிய சாம்பல்நிற அணில்கள் உண்டு; அவற்றுக்குப் பாதுகாப்பும் உண்டு. இல்லை, மனிதர்களை, என்றேன்.

“அப்பச் சரி, போங்க. அணில்னாத்தான் கேள்வி வரும்.”

குடியிருப்பு அங்கிருந்து கூப்பிடு தொலைவு. ஓட்டு வீடுகளும் சிமிட்டி வீடுகளும் கலந்து நின்றன. மாந்தோப்பில் காவலும் கூலி வேலையும், பருவத்தில் தேனும் கிழங்கும் அவர்கள் பிழைப்பு. புளியமரத்தடியில் பலர் கூடினர். நடுவில் கருப்பையா என்னும் முதியவர். அவருக்கு எதிரே, கால் நீட்டி அமர்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர் பேச்சியம்மாள். கணவரை இழந்தவர், தோப்புக் காவலில் நாய்களைவிடப் பெயர் பெற்றவர் என்று காதர் சொன்னார்.

நான் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன்: “தங்கள் உமிழ்நீர் மாதிரியை மரபணு ஆய்வின்பொருட்டு அளித்திட, முழுதும் அறிந்து, எவ்வித அழுத்தமுமின்றி, ஒப்புதல் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.”

ஓர் அமைதி நிலவியது. நான் அதனை மரியாதை என்றே எண்ணினேன்.

“ஏலே காதரு, இது எந்த ஊருப் பாசை?” என்றார் கருப்பையா.

“தமிழ்தான் பெரியாவு. கொஞ்சம் பழசு.”

அக்கணம் முதல் காதர் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பாளரானார். உமிழ்நீர் என்றால் எச்சில் என்று விளக்கினார். அதனோடு விட்டிருக்கலாம்.

“அப்ப எச்சி மாதிரின்னா? எச்சி இல்ல, அது மாதிரி வேற என்னமுமா?” என்றாள் ஓர் இளந்தாய்.

“சளியா இருக்கும் ஏட்டி,” என்றார் பேச்சியம்மாள்.

அடுத்து மரபணு. அணு என்றதும் ஒருவர், “குண்டு போடுவாகளே, அதுவா?” என்று பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். காதர் பதறி, “அய்யய்ய, அது இல்ல. ஒடம்புக்குள்ள எழுதியிருக்க ஜாதகம் மாதிரி,” என்றார். அவ்வளவுதான். கூட்டம் நெருங்கி வந்தது. மகளுக்கு வரன் எப்போது அமையும் என்று அதில் பார்த்துச் சொல்வீர்களா என்று ஒருவர் கேட்டார். சிவகுமரனிடம் கேட்டேன். அவன் நேர்மையாளன், முடியாது என்று சொல்லச் சொன்னான்.

“பொறவு எதுக்கு அது?”

இக்கேள்விக்கு என் உரையில் விடை இல்லை. ஆகவே, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கி, ‘ஒப்புதல் தருமாறு’ என்னும் தொடரைச் சற்று உரக்க வாசித்தேன். கருப்பையா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

“ஒப்புதலா? நான் ஒண்ணும் ஒத்துக்கிட மாட்டேன். அந்த மான அடிச்சது நான் இல்ல. அன்னைக்கு நான் அந்தப் பக்கமே போகல. தேனெடுக்கப் போயிருந்தேன்.”

“ஏண்ணே, அவிய மானப் பத்திக் கேக்கவே இல்லையே,” என்றார் பேச்சியம்மாள். “நீயா ஏன் வாயக் குடுத்து மாட்டுத?”

எல்லோரும் சிரித்தனர், கருப்பையா சிரிக்கவில்லை. காதர் என் காதில் ஓதிய பிறகே விளங்கிற்று. காட்டு வழக்குகளில் ‘ஒப்புதல் வாக்குமூலம்’ என்று எழுதி இவர்களிடம் பெருவிரல் ரேகை வாங்குவதுண்டாம். அச்சொல்லை இவர்கள் கேட்ட இடம் அது ஒன்றே. அகராதியில் நான் கண்ட சொல்லும் அவர் காவல் நிலையத்தில் கண்ட சொல்லும் ஒரே சொல்தான்.

“சரி, நாங்க வாரோம்,” என்று ஒவ்வொருவராக எழுந்து சென்றனர். ‘வாரோம்’ என்ற சொல் சிவகுமரனுக்கு எப்படியோ விளங்கிவிட்டது. அனைவரும் வருகிறார்கள் என்று மகிழ்ந்து குழாய்களை வரிசையாக அடுக்கத் தொடங்கினான். தமிழர் போகும்போதுதான் அவ்வாறு சொல்வர் என்று விளக்குவதற்குள் மரத்தடியில் நாங்கள் மூவரும் ஒரு கோழியும் மட்டுமே எஞ்சினோம்.

திரும்பும் வழியில் காதர் அறிவுரை தந்தார். “அய்யா, ஒப்புதல எடுத்துருங்க. சம்மதம்னு போடுங்க.”

“அது வடசொல் ஆயிற்றே,” என்றேன்.

“இருக்கட்டும்யா. பொண்ணு பாக்கப் போற எடத்துல சம்மதமான்னுதான கேக்கோம்? ஒத்துக்கிடுதியான்னு போலீசுதான கேப்பாக?”

உரையை மடியில் விரித்தேன். சொல்லை அடித்து மாற்றினேன்.

மூன்றாம் நாள், வெறுங்கையோடு சென்றதே முதற்பிழை என்று தீர்மானித்து, பால்கோவா வாங்கத் திருவில்லிபுத்தூருக்குப் பேருந்தேறினோம். நடத்துநரிடம் “திருவில்லிபுத்தூருக்கு இரண்டு” என்றேன்.

“அது எங்கிட்டு இருக்கு?” என்று அவர் என்னைக் கேட்டார். பின்னிருக்கைப் பெண்மணி ஒருவர், “சீவில்லிபுத்தூரத்தான் பெரியவரு மரியாதையாச் சொல்லுதாரு,” என்று மீட்டார்.

வாங்கிய சீட்டுகளைச் சட்டைப்பையில் வைக்க முற்பட்ட வேளையில் சன்னல் வழியே வந்த காற்று இரண்டையும் கொண்டு சென்றது. அடுத்த நிறுத்தத்தில் ஏறியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? பரிசோதகர். வாழ்நாளெல்லாம் ‘காற்றில் பறந்துவிட்டது’ என்ற சாக்கைக் கேட்டு ஒருவரையும் நம்பாதவன் நான். இப்போது அதே தொடரை என் வாய் தூய தமிழில் சொல்லக் கேட்டேன். அவர் முகத்தில் தோன்றிய பாவனை எனக்கு மிகப் பழக்கமானது. என் முகத்தில் அதனை நானே அணிந்ததுண்டு.

“நெசந்தான் சார்,” என்றார் நடத்துநர். “பெரியவரு எங்கிட்ட வாங்கினாரு, அவருகிட்ட காத்து வாங்கிட்டுப் போயிருச்சு.”

பேருந்தே சிரித்தது. பரிசோதகர் என்னைத் தண்டம் கட்டச் சொல்லவில்லை. நானாயிருந்தால் விட்டிருக்க மாட்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

மடவார் வளாகத்துக் கோயிலை வணங்கிவிட்டுக் கடைவீதிக்கு வந்தோம். பால்கோவா இளஞ்சூட்டில் இலையோடு கையில் வந்தது. அதைப்பற்றி எழுத என் தமிழ் போதாது. இரண்டாம் முறையும் வாங்கி உண்டேன் என்பதோடு நிறுத்துகிறேன். வேற்றூரில் கிண்டி இவ்வூர்ப் பெயரை ஒட்டி விற்க முடியாதாம். அதற்கு அரசு தந்த காப்பு இருக்கிறதாம். “பேரு எங்களுது. எங்களக் கேக்காம எவனும் தொட முடியாது,” என்றார் கடைக்காரர். நான் பெயர்த்துச் சொன்னதும் சிவகுமரன் அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

நான்காம் நாள் மீண்டும் புளியமரத்தடி. நான் முகமன் கூறி எல்லோருக்கும் பால்கோவாவைப் பங்கிட்டேன். பிள்ளைகள் விரல்களை நக்கினர். கருப்பையாவே, மானை மறந்து, இன்னொரு கை வாங்கினார். பின்னால் ஓர் அலறல் கேட்டது. சிவகுமரன் தலையில் கைவைத்து நின்றான். உமிழ்நீர் எடுக்குமுன் எதுவும் உண்ணலாகாதாம்! உண்டால் வாயைக் கொப்பளித்துவிட்டுக் காத்திருக்க வேண்டுமாம். இதனை அவன் உரையில் எழுதியிருந்தான். நானும் அழகாகப் பெயர்த்திருந்தேன்.

காத்திருந்தோம். இங்குள்ளோர் எல்லாம் ஒரே முன்னோர் வழி வந்தவர்கள் என்று சிவகுமரன் சொன்னதைப் பெயர்த்தேன்; அதற்குள் அவன் அவர்களுக்கு டாக்டர் ஆகிவிட்டிருந்தான். அவ்வேளையில் மரத்திலிருந்து இறங்கிய குரங்கொன்று திறந்திருந்த பெட்டியிலிருந்து குழாயொன்றை எடுத்து, மூடியைக் கடித்து, நன்றாக மென்று, உள்ளே உமிழ்ந்தும் வைத்துவிட்டுப் போயிற்று. எங்கள் பயணத்தில் கிடைத்த முதல் மாதிரி அதுவே.

“அதுகிட்ட சம்மதம் வாங்குனியளா?” என்றார் கருப்பையா.

சிரிப்பு அடங்கும்போது பேச்சியம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

“அய்யா, சும்மாதான இருக்கோம், ஒண்ணு கேக்கேன். முன்ன ஒரு கூட்டம் வந்துச்சு. சக்கர இருக்கான்னு பாக்கோம்னு சொல்லி எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாக. எங்க வீட்டுக்காரருக்கும் எடுத்தாக. சக்கர இருக்கு, இல்லன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் வந்து சொல்லல. அவரும் போயிச் சேந்துட்டாரு. அந்த ரத்தம் இப்ப எங்க இருக்கு? அதச் சொல்லுங்க. பொறவு எச்சியப் பத்திப் பேசுவோம்.”

இதனைப் பெயர்த்தேன். சிவகுமரன் குழாய்ப் பெட்டியை மூடினான். தாழ்ந்த குரலில், நான் சொல்வதை இப்போது பெயர்க்க வேண்டாம் மாமா என்று தொடங்கிச் சொன்னான். அந்த இரத்தக் குழாய்கள் கைமாறிக் கைமாறி அவன் நிலையத்திற்கே வந்து சேர்ந்திருக்கின்றன. உறைபெட்டியில் இருக்கின்றன. அவற்றை ஆராய்ந்ததில் எழுந்த கேள்விக்கு விடை தேடித்தான் அவன் இங்கு வந்ததே. இதைச் சொன்னால் ஒருவரும் தர மாட்டார்கள். அவனுடைய ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

நான் என் உரையைப் பிரித்துக் காட்டினேன். “‘முழுதும் அறிந்து’ என்று எழுதியிருக்கிறேன். இதில் ‘முழுதும்’ என்பதை அடித்துவிடவா?”

அவன் மலையைப் பார்த்தான். நிலத்தைப் பார்த்தான். பின்பு, சொல்லிவிடுங்கள் மாமா என்றான்.

என் தூய தமிழ் அப்போது எங்கு ஒளிந்தது என்று தெரியவில்லை. “அம்மா, அந்த ரத்தம் இவன் ஆபீசுலதான் இருக்கு. ஐஸ் பெட்டியில,” என்றேன். காதர் பெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

“பாத்தியா,” என்றார் கருப்பையா மெல்ல. “இன்னைக்கு ஒப்புதல் குடுத்தது டாக்டரு.”

பேச்சியம்மாள் காலை மடக்கி நிமிர்ந்தார். பின்பு கேட்டது, நான் எதிர்பார்த்த எதுவுமன்று. “ஐஸ்லயா? அந்த மனுசன் குளிர் தாங்க மாட்டாரே. மார்கழியில அடுப்ப விட்டு நகர மாட்டாரு. அவரப் போயி...”

அவருடையது எது என்று தெரியுமா எனக் கேட்டார். பெயர்களை நீக்கி எண் மட்டும் இட்டிருப்பதாகவும், அது அவர்களைக் காப்பதற்கே என்றும் சிவகுமரன் சொல்ல, நான் பெயர்த்தேன்.

“பேர வீசிட்டு ரத்தத்த வச்சுக்கிட்டியளா? நல்லாக் காப்பாத்துனிய போங்க.”

இரண்டாம் நாள் ‘எச்சி மாதிரி’ பற்றிக் கேட்ட இளந்தாய், “எச்சிதான அத்த, குடுத்துட்டுப் போவமே. பால்கோவா வேற தின்னுட்டோம்,” என்றாள்.

“நீ குடு ஏட்டி, ஒன் எச்சிய.”

“அது எப்பிடி?” என்று கருப்பையா குறுக்கிட்டார். “இவ எச்சியில நாமளும்தான இருக்கோம்? எல்லாரும் ஒரே வகையறான்னு டாக்டருதான சொன்னாரு? ஒருத்தி துப்புனா ஊரே துப்புன மாதிரியில்ல?”

இதனைப் பெயர்த்தபோது சிவகுமரன் குறிப்பேட்டை மூடிவிட்டான். எங்கள் துறையில் பெரிய கூட்டம் போட்டு இதைத்தான் விவாதிக்கிறார்கள் மாமா என்றான். அங்கே முடிவு வந்ததா என்றேன். தேநீர் வந்தது என்றான்.

அவர்கள் தம்முள் பேசினர்; பூசல் போலவும் சிரிப்புப் போலவும் மாறி மாறி ஒலித்தது. முடிவைப் பேச்சியம்மாள் சொன்னார். “எடுத்தத மொதல்ல திருப்பித் தாங்க. பொறவு வந்து கேளுங்க. குடுத்தாலும் குடுப்போம், குடுக்காட்டியும் சோறு போட்டு அனுப்புவோம்.”

சிவகுமரன் அங்கிருந்தே தன் நிலையத்திற்குத் தொலைபேசினான். வேப்பமரத்தருகே கை நீட்டி நின்றால்தான் சமிக்ஞை கிடைக்கிறது. ஆகவே ஆராய்ச்சி நிலையத் தலைவருடன் அவன் உரையாடிய நேரமெல்லாம் கிளையைப் பிடித்துத் தொங்குபவன்போல் தோன்றினான். இரத்தம் தந்தவரே எழுதிக் கேட்க வேண்டும் என்றார் அவர். தந்தவர் இறந்துவிட்டார் என்றான். அப்படியாயின் நெருங்கிய உறவினர் தம் குரலில், இறந்தவரின் பெயரைச் சொல்லிக் கோர வேண்டும்; அந்தப் பெயரைக் கொண்டு முதலில் எடுத்தவர்களிடமுள்ள குறிப்பில் எண்ணைத் தேடலாம்; முயன்று பார்ப்போம் என்றார். உறுதி ஒன்றும் தரவில்லை.

பதிவு செய்யும் பொருட்டு அவன் கைப்பேசியைப் பேச்சியம்மாள்முன் நீட்டினான். அவர் பெயரைச் சொல்லுங்கள் அம்மா என்றேன். அவர் வெடுக்கென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கட்டியவர் பெயரை அவர் வாழ்நாளில் சொன்னதில்லை. இருந்தபோதும் இல்லை, இறந்தபோதும் இல்லை.

“முருகன் கையில இருக்குமே, அது. பின்னாடி சாமின்னு வரும்,” என்றார்.

நான் பெயர்த்தேன். மயிலா என்று சிவகுமரன் கேட்டான்.

“சேவக்கொடியும் கையிலதான இருக்கு?” என்று காதர் அவனுக்கு உதவினார்.

“நான் சொல்லுதேன், என் சேக்காளிதான அவன்,” என்று கருப்பையா முன்வந்தார். அவர் சொன்னால் செல்லாது, மனைவி குரலே வேண்டும் என்று மறுத்தோம். அந்த இளந்தாய் எழுதிக் காட்டலாமா என்றாள். பேச்சியம்மாளுக்கு எழுத்து வராது. நாலா பக்கமிருந்தும் யோசனைகள் வந்தன. அவர் அத்தனையையும் கேட்டுக்கொண்டே எழுந்து, சேலையைச் சரிசெய்து, எங்களுக்கு முதுகு காட்டி மலையைப் பார்த்து நின்றார். பின்னாலிருந்து கைப்பேசியை நீட்டியவாறு சிவகுமரன் நின்றான்.

“வேலுச்சாமி,” என்றார். கைப்பேசிக்குக் கேட்கும்படி மறுபடி சொன்னார். “வேலுச்சாமி. எங்க வீட்டுக்காரரு. அவர எங்ககிட்டயே அனுப்பி வச்சிருங்க.”

சிவகுமரன் பதிவை நிறுத்த மறந்துவிட்டான். ஆகையால் கடல் கடந்து சென்ற அப்பதிவின் இறுதியில், “ஏ பேச்சி, சொல்லிட்டியே!” என்று கருப்பையா வியப்பதும், “கேட்டாக, சொன்னேன்,” என்று பேச்சியம்மாள் விடை கூறுவதும் தெளிவாகக் கேட்கும்.